ஏழாவது வளைவில் எடுத்த கால்

செத்துப் பன்னிரண்டு வருடமான ஒருவன் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் கண்முன்னால் காரோட்டிப் போவதைப் பார்த்தபோது, தமயந்திக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்.

"இன்னமும் அந்தக் கால எடுக்கறான் பாரு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் நின்ற வில்லெம் தன் காதுக் கருவியைத் தட்டிப் பார்த்தான். அவன் ஹாலந்துக்காரன். அவன் பேசுவதைத் தமயந்தியின் கருவி செய்தி வாசிப்பவரின் தமிழில் சொல்லும், இவள் பேசுவதை அவன் கருவி அவன் மொழியில் சொல்லும். கொங்குத் தமிழ் வந்தால் மட்டும் கருவி வாயை மூடிக்கொள்ளும்.

"மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?" என்றான்.

"அவன் வலது காலைச் சொன்னேன். ஏழாவது வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கிறான். எடுக்கத் தேவையே இல்லாத இடம்."

"ஆம்" என்றான் வில்லெம். "அதைப் பற்றிப் பேசத்தான் உங்களை வரவழைத்தோம்."

அது 2050ஆம் வருடம். உலகக் கார் பந்தயப் போட்டி தொடங்கி நூறு வருடம் ஆகிறது. இங்கிலாந்தில் யுத்த காலத்து விமானத்தளம் ஒன்றில் தொடங்கிய சமாசாரம், ஊர் ஊராக, கண்டம் கண்டமாகச் சுற்றி, எத்தனையோ பேரைக் கோடீஸ்வரராக்கி, எத்தனையோ பேரைக் காவு வாங்கி, நூறைத் தொட்டுவிட்டது. அதைக் கொண்டாட ஒரு பந்தயம் வைத்திருந்தார்கள். பத்தாண்டுக்கு ஒருவராக, காலமான பத்து ஓட்டுநர்கள். பத்தும் ஒரே மாதிரிக் கார். இருக்கை பத்திலும் ஆள் கிடையாது. ஓட்டப்போவது அவர்களுடைய நிழல்கள்.

'நிழல்' என்பது வில்லெம் நிறுவனத்தின் சொல். முதல் நாளே தமயந்தி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குள்ளே அவன் இருக்கிறானா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்."

"இல்லை. ஆன்மா, நினைவு, அதெல்லாம் இல்லை. கண் பார்த்ததும் கையும் காலும் என்ன செய்யும் என்ற பழக்கம் மட்டும் இருக்கிறது. 1950இல் ஓட்டியவர்களிடம் அதுவும் அரைகுறைதான். தலையில் துணித் தொப்பி, இடுப்பில் பெல்ட் கிடையாது, காரில் ஒரு கருவி கிடையாது. மங்கலான படச்சுருளையும் எஞ்சின் சத்தத்தையும் வைத்து நாங்கள் ஊகித்ததுதான் முக்கால்வாசி. எண்பதுகளில்தான் காருக்குள் கருவிகள் வருகின்றன. உங்கள் ஆளோ முழுதாக இருக்கிறார். நொடிக்கு ஆயிரம் தடவை அவர் கால் எங்கே இருந்தது என்று எங்களுக்குத் தெரியும்."

அந்த ஆள் நாச்சிமுத்து. கோயமுத்தூர்ப் பையன். தாத்தா பேரை வைத்ததால் வந்த வினை, உலகத்து வர்ணனையாளர்கள் ஒருவர் வாயிலும் அந்தப் பேர் நுழையவில்லை. 'நாச்சோ' என்று சுருக்கி, சோளச் சிப்ஸ் ஆக்கிவிட்டார்கள். அவன் அதற்கும் சிரித்தான். எதற்கும் சிரிக்கிறவன்.

தமயந்தி அவனுடைய ரேஸ் இன்ஜினியர். ஓட்டுகிறவன் காதில் பேச உரிமையுள்ள ஒரே ஆள். பொள்ளாச்சிக்காரி, அவனைவிட மூன்று வயது மூத்தவள். அந்த ரேடியோவை எல்லா அணியும் ஒட்டுக்கேட்கலாம் என்பது விதி. அதனால் இவர்கள் இரண்டு பேரும் கொங்குத் தமிழில் பேசிக்கொண்டார்கள். போட்டி அணி ஒன்று சென்னையிலிருந்து ஒருவரை மொழிபெயர்க்க அழைத்துப் பார்த்தது. "அக்கட்டால போறவன் பொறத்தாலயே ஒட்டிட்டுப் போ, எளச்சுருவான்" என்பதை அவர் எப்படிப் பெயர்த்தாரோ, மூன்றாவது பந்தயத்தோடு மூட்டை கட்டிவிட்டார்.

ஆறு வருடம் அப்படி ஓடியது. 2037இல், இதே போர்த்துகல் மலைச்சரிவில், இதே செர்ரா வேல்யா ஓடுதளத்தில், கடைசிப் பந்தயம். முதலாவதாக வந்திருந்தால் நாச்சிமுத்து உலகச் சாம்பியன். மூன்று விநாடியில் தவறிப்போனது. ஐம்பத்து மூன்று சுற்றிலும் ஏழாவது வளைவில் அவன் காலை எடுத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் நூறில் எட்டு விநாடி போயிற்று. பெருக்கிப் பார்த்தால் நான்கு விநாடிக்கு மேல்.

அன்று சாயங்காலம் மெக்கானிக்குகள் எல்லாரும் நிற்க, தமயந்தி அவனைக் கேட்டுவிட்டாள். "கப்பத் தொலச்சது காரில்ல தம்பி, உன்ற கால். அத்தன தைரியந்தான் இருந்துச்சா அதுல?"

அவனுக்கு முகம் சுருங்கியது. ஒரு நிமிடம்தான். "உடுங்க்கா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் கோயமுத்தூரில் மூளைக்காய்ச்சல் வந்து ஆறே நாளில் போய்விட்டான். தமயந்தி அப்போது இங்கிலாந்துப் பட்டறையில் புதுக் காரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தாள். அந்த டிசம்பர் மாலைக்குப் பிறகு அவனோடு பேசவில்லை. சண்டை என்று இல்லை. நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம் என்றுதான் விட்டிருந்தாள்.

வில்லெம் ஒரு படிவத்தை மேஜையில் வைத்தான். சாட்சிப் படிவம். ஒவ்வொரு நிழலுக்கும், அந்த ஓட்டுநரை அறிந்த ஒருவர் 'இவர் ஓட்டியது இப்படித்தான்' என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த நிழல் ஓடாது. நாச்சிமுத்துவின் குடும்பம் சாட்சியாகத் தமயந்தியின் பேரைக் கொடுத்திருந்தது.

"ஓட்டத்தில் காரணம் தெரியாத வழக்கம் ஏதாவது இருந்தால், அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு வழித்துவிடுவோம்" என்றான் வில்லெம். "வைத்திருக்க வேண்டுமானால் சாட்சி இந்தக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். ஏழாவது வளைவுக்கு எங்களிடம் காரணமே இல்லை. கார் நிலையாக இருக்கிறது, சாலை நன்றாக இருக்கிறது, முன்னால் ஆள் இல்லை. காலை எடுக்காமல் ஓடவிட்டுப் பார்த்தோம். இருபது தடவையில் பதினேழு தடவை அவர்தான் முதல். எடுத்தால் ஒரு தடவைகூட இல்லை. இந்தியா முழுக்க நாளைக்கு டி.வி. முன்னால் உட்காரப் போகிறது, உங்களுக்கே தெரியும். இன்று மாலை நான்கு மணிக்குள் சொல்லிவிட்டால் போதும்."

கசக்குமா? அந்தக் காலை அழிக்கத் தமயந்தியைவிட ஆசைப்பட்டவர் உலகத்தில் யாரும் இல்லை. பேனாவைக் கையில் எடுத்தும்விட்டாள். ஆனால் முப்பது வருட இன்ஜினியர் புத்தி, பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாது.

"எல்லாப் பதிவையும் பார்த்துவிட்டீர்களா? ரேடியோவையும்?"

வில்லெம் சற்றே நெளிந்தான். "ரேடியோவை விட்டுவிட்டோம். எங்கள் கருவி அதைப் 'பொருளற்ற ஒலி' என்று குறித்திருந்தது."

"என்னது?"

"நானல்ல, கருவி."

"நானும் அவனும் ஆறு வருடம் பேசியது பொருளற்ற ஒலியா? போடுங்கள் அதை."

போட்டான். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தன் குரலைக் கேட்டதும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. என்ன அதிகாரம், என்ன வேகம். அநேகமாகச் சுற்றுக்கு ஒரு தடவை, ஆறாவது வளைவு தாண்டி வரும் சின்ன நேர்ப்பாதையில் பேசியிருந்தாள். மற்ற நேர்ப்பாதைகளில் அவன் கைக்குப் பொத்தான் வேலை இருக்கும். அந்தச் சின்ன இடம்தான் ஓய்வு என்று அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். வளைவுக்குள் இருக்கிறவன் காதில் பேசக்கூடாது என்பது அவர்கள் தொழிலின் முதல் பாடம்.

"முன்னால நாலு, பொறத்தால ரெண்டு. டயரு நல்லாருக்குது. பாத்துப் போ சாமி."

பேசிய சுற்றிலெல்லாம் எண்கள்தான் மாறின. கடைசி மூன்று சொல் மாறவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் மளிகைக் கடைக்குப் போகிறவனைக்கூட யாரும் அதைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார்கள். முந்நூறு கிலோமீட்டரில் போகிறவனிடம் சொல்லாமல் விடுவாளா?

"உங்கள் பேச்சு வளைவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது" என்றான் வில்லெம், இரண்டு கோடுகளையும் திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து. "அதற்கும் காலுக்கும் சம்பந்தம் இல்லை."

"இது எந்தக் கடிகாரம்?"

"உங்கள் அணியின் கடிகாரம். நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பதிவானது."

தமயந்தி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அணிகள் உட்காரும் பிட் பகுதி மலைக்கு இந்தப் பக்கம், ஏழாவது வளைவு அந்தப் பக்கம். காரிலிருந்து வரும் சமிக்ஞை மலையைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அவள் கார் எங்கே போகிறது என்று பார்த்ததெல்லாம் திரையில் நகர்ந்த ஒரு புள்ளியை வைத்துத்தான். அந்தப் புள்ளி சரியான நேரத்தில் நகர்ந்ததா என்று யாரும் யோசித்ததில்லை. மற்ற அணிக்காரர்கள் பிட்டுக்கு எதிரே உள்ள நீள நேர்ப்பாதையில் பேசினார்கள். அவர்களுக்கு அது தெரியவேண்டிய அவசியமே வரவில்லை.

"காருக்குள் ஒரு பெட்டி இருக்கும்" என்றாள் மெதுவாக. "ஓட்டுகிறவன் காதில் என்ன கேட்டதோ அதைக் காரின் கடிகாரத்தில் பதிவு செய்வது. விபத்து நடந்தால் மட்டும்தான் திறப்பார்கள். அவனுக்கு விபத்தே நடந்ததில்லை."

அவன் ஓட்டிய அந்தப் பழைய கார் இப்போது பக்கத்துக் கண்காட்சிக் கூடத்தில்தான் நின்றது. பெட்டியைக் கழற்றிக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வில்லெம் அதன் பதிவைத் திரையில் விரித்து, பழைய கோட்டின் மேல் வைத்தான். அவள் குரல் ஒன்றரை விநாடி தாமதமாகி வலது பக்கம் நகர்ந்தது.

எண்கள் எல்லாம் நேர்ப்பாதையில் விழுந்திருந்தன. டயரும் விழுந்திருந்தது. 'பாத்துப் போ சாமி' மட்டும் ஏழாவது வளைவுக்குள், எஞ்சின் உச்சத்தில் கத்துகிற இடத்தில் விழுந்திருந்தது. அங்கே கால் எழும்பியது. எஞ்சின் சத்தம் அரை நொடி அடங்கியது. அந்த அரை நொடியில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. குரல் முடிந்ததும் கால் பழையபடி இறங்கியது. அவள் பேசிய ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான்.

"நான்கு சுற்றில் நீங்கள் பேசவில்லை" என்றான் வில்லெம். "அப்போதும் எடுத்திருக்கிறார். மற்றச் சுற்றுகளைவிடக் கொஞ்சம் அதிக நேரம்."

தமயந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேட்கத் தேவையில்லாத மூன்று சொல். வேகத்துக்கும் உதவாது, டயருக்கும் உதவாது. அதைக் கேட்பதற்காக ஒரு உலகக் கோப்பையைச் சுற்றுக்கு இத்தனை என்று கிள்ளிக் கிள்ளிக் கொடுத்திருக்கிறான். அவள் கப்பைத் தொலைத்தவன் என்று அவனையே சொன்னாள். அதுவும் பத்துப் பேர் நடுவில்.

"வழித்துவிடுங்கள்" என்றாள்.

"காரணம்தான் கிடைத்துவிட்டதே?"

"அது அவன் பிழை இல்லை, என் பிழை. வளைவுக்குள் பேசினது நான். என் பிழை எதற்கு அவன் காலில் இருக்க வேண்டும்? அழித்துவிட்டால் நாளைக்கு ஜெயிப்பான். அன்றைக்கு நான் கெடுத்ததை இன்றைக்காவது வாங்கிக்கொள்ளட்டும்." பேனாவைத் திறந்தவள், மறுபடி மூடினாள். "அதற்கு முன்னால் அவன் வீட்டில் சொல்ல வேண்டும். நான்தான் சொல்ல வேண்டும்."

நாச்சிமுத்துவின் மனைவி சௌந்தரி கோயமுத்தூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். உலகத்தையே வேகத்தால் மிரட்டியவனின் மனைவி, ஊர்க்காரர்களுக்கு முப்பதில் போகக் கற்றுக்கொடுக்கிறாள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். போன் எடுத்தபோது அங்கே இரவு, கடைசி வகுப்பு, பக்கத்தில் யாரோ கியரைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நிமிசங்க்கா. ஏனுங், கிளட்ச்ச முழுசா மிதிங்க. ஓரமா நிறுத்திப்போட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. ம், சொல்லுங்க்கா."

தமயந்தி சொன்னாள். மலை, புள்ளி, ஒன்றரை விநாடி, ஏழாவது வளைவு எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. "நாந்தான் கண்ணு தொலச்சேன் அவன் கப்ப. தொலச்சுப்போட்டு அவனையே பேசிப்போட்டேன். என்ன மன்னிச்சுரு."

சௌந்தரி சாதாரணமாகச் சொன்னாள். "அது அவருக்குத் தெரியுங்க்கா."

"என்ன தெரியும்?"

"நீங்க பேசறது வளைவுக்குள்ள வந்து உழுகுதுன்னு. மொத வருசமே தெரியும். வீட்டுல சொல்லிச் சிரிப்பாரு. அக்கா கணக்கெல்லாம் கரெக்டா சொல்லும், அந்த ஒன்ன மட்டும் கொண்டுவந்து ஏழாவதுல போடும், கால எடுத்தாத்தான் காதுல உழுகும்பாரு."

"அப்பறம் ஏன் எங்கிட்டச் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாத்தியிருப்பனே?"

"நானும் அதயேதான் கேட்டனுங்க. சொன்னா அக்கா முன்னாலயே பேசி முடிச்சிரும், நேரம் பத்தலீன்னா அந்தக் கடைசியத்தான் மொதல்ல உடும், அது வேண்டாம்னாரு. அங்க அந்த வேகத்துல எல்லாரும் என்னய ஓட்டச் சொல்றாங்க, அது ஒண்ணுதான் பாத்துப் போகச் சொல்லுதுன்னாரு."

தமயந்தி கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தாள்.

"நீங்க திட்டின அன்னிக்கு வந்து சொன்னாரு. வருத்தந்தான். இல்லீன்னு சொல்ல மாட்டேன். சொல்லிருங்கன்னு நானும் சொன்னேன். அக்கா அதக் கேட்டா ஒடஞ்சு போயிரும், கப்பு அடுத்த வருசமும் வருமுன்னுட்டாரு. மகிழினிக்கு அப்பா போறப்ப ஒரு வயசுங்க. நாளைக்குத்தான் மொதத் தடவ அவரு ஓட்டறத டி.வி.ல லைவா பாக்கப் போறா. அவ அப்பா ஜெயிக்கோணும்னு எனக்கில்லீங்க்கா. அவ பாக்கறது அவ அப்பாவா இருக்கோணும். அவ்வளவுதான்."

நான்கு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. தமயந்தி படிவத்தை இழுத்து, 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வில்லெம் எட்டிப் பார்த்தான். தமிழ் எழுத்து. கருவியைப் படிக்கச் சொன்னான். இந்தத் தடவை அது சரியாகவே பெயர்த்தது.

"இதற்காகவா நிறுவனத்திடம் திட்டு வாங்கப் போகிறேன்?" என்றான். சொன்னானே தவிர, படிவத்தைக் கவனமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் மலை முழுக்க ஜனம். பத்துக் கார்களும் ஆளில்லாமல் வந்து வரிசையில் நின்றபோது கூட்டம் ஒருமாதிரி அமைதியானது. கிளம்பியதும் சரியாகப் போயிற்று. பழைய காலத்து நிழல்கள் பின்தங்கின, தொண்ணூறுகளின் நிழல் ஒன்று முன்னால் போனது, நாச்சிமுத்து அதன் முதுகில் ஒட்டிக்கொண்டான்.

சாட்சிகளுக்கு மரியாதைக்காகப் பழைய இடத்தில் நாற்காலி போட்டு, தலையில் மாட்டும் மைக்கும் கொடுத்திருந்தார்கள். எதோடும் இணைப்பில்லாத மைக். நிழலுக்குக் காது கிடையாது.

முதல் சுற்றிலேயே நாச்சிமுத்து ஏழாவது வளைவில் காலை எடுத்தான். பத்தாவதிலும் எடுத்தான். இருபதாவதில் அரங்கமே 'அடடா' என்றது. ஊதுகுழல் வைத்திருந்தவர்கள் ஊதிக் கேலி செய்தார்கள். அப்போதுதான் வர்ணனையாளர் அந்தப் படிவத்தைப் படித்தார். மலைச்சரிவில் இருந்த பெரிய திரைகளில் ஒரு வரி ஓடியது. ஏழாவது வளைவில் இவர் காலை எடுப்பது பிழை அல்ல. சாட்சி எழுதியிருக்கும் காரணம், 'கேட்டுக்கொண்டிருக்கிறான்.'

யாருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. அடுத்த சுற்றில் ஏழாவது வளைவுப் பக்கம் ஊதுகுழல்கள் குறைந்தன. முப்பதாவது சுற்றில் ஒன்றுகூட இல்லை. கடைசிச் சுற்றுகளில் அவன் கார் ஆறாவது வளைவைத் தாண்டும்போதே அங்கிருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவன் கால் எழும்பி, எஞ்சின் அடங்குகிற அந்த அரை நொடி, மலையில் காற்றுச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

ஐம்பத்து மூன்றாவது சுற்று. முன்னால் போகிறவனுக்கும் இவனுக்கும் அரை விநாடிகூட இல்லை. தமயந்தி திரையில் புள்ளியைப் பார்த்தாள். இப்போதைய புள்ளிகள் தாமதிப்பதில்லை. அவள் ஆறாவது வளைவில் பேசவில்லை. நேர்ப்பாதையிலும் பேசவில்லை. புள்ளி ஏழுக்குள் நுழையும்வரை காத்திருந்தாள்.

"பாத்துப் போ சாமி" என்றாள் இணைப்பில்லாத மைக்கில்.

கால் எழும்பியது. அவள் சொல்லி முடிக்கும்வரை எழும்பியே இருந்தது. பிறகு இறங்கியது.

நாச்சிமுத்து இரண்டாவதாக வந்தான். தமயந்தி மைக்கைக் கழற்றாமல், அவன் கார் மெதுவாகச் சுற்றி வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. சௌந்தரி இல்லை, மகிழினி.

"அத்த" என்றாள் அந்தப் பெண். "டி.வி.ல உங்களக் காட்டுனாங்க. அங்க எங்கப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"